நிலைமமே இல்லாத இடத்தில் அலை எப்படி ஓடுகிறது?

கரைமணல் · திங்கள், இரவு 9.40

வணக்கம். பதினொன்றாம் வகுப்புக்கு அலைகள் பாடம் நடத்திக்கொண்டிருக்கிறேன். ஒவ்வொரு வருடமும் கரும்பலகையில் எழுதும் வாக்கியம் ஒன்று உண்டு: ஓர் ஊடகத்தில் அலை பரவ மீட்சிப் பண்பும் வேண்டும், நிலைமமும் வேண்டும். இழுத்ததைத் திரும்பக் கொண்டுவருவது மீட்சி. வந்த இடத்தில் நிற்கவிடாமல் தாண்டிப் போகவைப்பது நிலைமம். இரண்டில் ஒன்று குறைந்தாலும் அலை இல்லை. இருபது வருடமாக இப்படித்தான் சொல்லி வருகிறேன்.

போன வாரம் ஒரு மாணவி தன் அக்காவின் கைப்பேசியில் ஒரு காணொளி காட்டினாள். நட்சத்திர மீனின் கருக்கள். ஒவ்வொன்றும் ஒரு மில்லிமீட்டரில் ஐந்தில் ஒரு பங்குதான் இருக்கும். நீரின் மேற்பரப்புக்கு வந்து, நின்ற இடத்திலேயே பம்பரம் போலச் சுற்றுகின்றன. கொஞ்ச நேரத்தில் ஒன்றோடொன்று நெருங்கி, தேன்கூடு மாதிரி அறுகோண வரிசையில் அடுக்கிக்கொள்கின்றன. ஆயிரக்கணக்கில். பசை இல்லை, கயிறு இல்லை. எம்.ஐ.டி.யில் நிக்தா ஃபக்ரியின் குழுவும் யோர்ன் டுங்கலின் குழுவும் சேர்ந்து செய்த வேலை, 2022இல் நேச்சர் இதழில் வந்தது. அந்த அடுக்கு முழுவதும் மெதுவாகச் சுழல்கிறது. அதற்குள்ளே அலையும் ஓடுகிறது! கண்ணுக்குத் தெரிகிறது, ஓரிடம் அமுங்கி, விரிந்து, மறுபடி அமுங்கி.

மாணவி கேட்டாள்: “டீச்சர், இவ்வளவு சின்ன உயிருக்கு நீர் தேன் மாதிரி இருக்கும் என்று நீங்கள்தானே சொன்னீர்கள். நீந்துவதை நிறுத்தினால் அந்த இடத்திலேயே நின்றுவிடும். அப்படியென்றால் நிலைமம் எங்கே? நிலைமம் இல்லாமல் அலை எப்படி?”

எனக்குப் பதில் தெரியவில்லை, யோசித்துச் சொல்கிறேன் என்றேன். இங்கே இதில் வேலை செய்பவர்கள் இருக்கிறீர்கள். பள்ளிப் பிள்ளைக்குச் சொல்லும்படி விளக்க முடியுமா?

---

நூல்கோல் · திங்கள், இரவு 11.15

டீச்சர், அந்தப் பெண்ணின் கேள்விதான் இந்தத் துறையின் நடுக்கேள்வி. அவளிடம் அதைக் கட்டாயம் சொல்லுங்கள்.

உங்கள் கரும்பலகை வாக்கியம் சாதாரணப் பொருள்களுக்கு முழுக்கச் சரி. தேன் பாட்டிலுக்குள் ஒரு சுருள்வில்லை இழுத்து விட்டால் அது ஊர்ந்து ஊர்ந்து பழைய நீளத்துக்கு வந்து நிற்கும். தாண்டாது, ஆடாது. அங்கே விசை தீர்மானிப்பது வேகத்தை, முடுக்கத்தை இல்லை. விசை நின்ற கணமே நகர்வும் நின்றுவிடும். அந்தக் கருக்களின் நிலைமையும் இதுவே.

இப்போது கட்டம் போட்ட தாளில் ஒரு புள்ளி வையுங்கள். சாதாரண வில் என்றால், புள்ளியை வலப்பக்கம் நகர்த்தினால் இடப்பக்கம் இழுக்கும். அதற்குப் பதிலாக ஒரு விசித்திரமான வில்லை நினைத்துக்கொள்ளுங்கள். வலப்பக்கம் நகர்த்தினால் மேலே தள்ளுகிறது. மேலே போனால் இடப்பக்கம் தள்ளுகிறது. இடப்பக்கம் போனால் கீழே, கீழே போனால் வலப்பக்கம். புள்ளி என்ன செய்யும்? வட்டமடிக்கும். தேனுக்குள்ளேயே வட்டமடிக்கும். இந்தக் கதையில் நிறை என்ற சொல் வரவே இல்லை, கவனியுங்கள். இதோடு சாதாரண இழுவையையும் சேர்த்தால் வட்டம் சுருண்டு சுருண்டு நடுவுக்கு வரும்.

கருக்களுக்கு நடுவில் இப்படிப்பட்ட வில் எங்கிருந்து வந்தது? எல்லாக் கருக்களும் ஒரே திசையில் சுற்றுகின்றன. உடம்பு முழுக்க இருக்கும் குறுஇழைகள் நீரைத் தள்ளுவதால் வரும் சுற்று அது. பக்கத்துப் பக்கத்தில் இரண்டு சுற்றும்போது இடையில் அகப்பட்ட நீர் இரண்டையும் பக்கவாட்டில் தள்ளுகிறது. கிட்ட வந்தால் அந்தத் தள்ளல் கூடும், விலகினால் குறையும். அதாவது நெருக்கத்துக்கு அவை தரும் பதில் நேராக வருவதில்லை, குறுக்கே வருகிறது.

இதைப் படிகம் முழுவதற்கும் விரித்துப் பாருங்கள். ஓரிடத்தில் ஏற்பட்ட அமுக்கம் குறுக்கு நழுவலாக மாறும். அந்த நழுவல் விரிவாக மாறும். விரிவு எதிர்ப்பக்க நழுவலாகி, அது மறுபடி அமுக்கமாகும். பக்கத்திலிருப்பவை இதையே சற்றுத் தள்ளிய காலத்தில் செய்கின்றன. அலை ஓடுகிறது.

கணக்கு தெரிந்தவர்களுக்கு ஒரு வரி. சாதாரணத் திண்மத்தில் விசையையும் இடப்பெயர்ச்சியையும் இணைக்கும் அணி சமச்சீரானது, ஆகவே அதன் ஐகன் மதிப்புகள் மெய்யெண்கள், எல்லாமே தேய்ந்து அடங்கும். இங்கே அந்த அணியில் எதிர்ச்சமச்சீர்ப் பகுதி ஒன்று நுழைகிறது, ஐகன் மதிப்புகள் கலப்பெண்களாகலாம். கலப்பெண் வந்தால் அலைவு வந்துவிட்டது. சிகாகோ பல்கலைக்கழகத்தில் வின்சென்சோ விட்டெல்லி, காலின் ஷெய்ப்னர் முதலானோர் 2020இல் எழுதிய கோட்பாடு இது. நட்சத்திர மீன் சோதனை அதற்கு இரண்டு வருடம் கழித்து வந்தது.

---

டர்பைன் ஹால் · செவ்வாய், காலை 6.05

நன்றாக எழுதியிருக்கிறீர்கள். ஆனால் ஒரு மெக்கானிக்கின் கண்ணுக்கு இதில் இரண்டு இடம் உறுத்துகிறது, நேராகவே கேட்டுவிடுகிறேன்.

முதலாவது நியூட்டனின் மூன்றாம் விதி. ஒன்று மற்றதைக் குறுக்கே தள்ளினால், எதிர்வினை இரண்டையும் சேர்க்கும் கோட்டில்தானே வர வேண்டும்? இரண்டு சக்கரமும் ஒன்றையொன்று குறுக்கே தள்ளிக்கொண்டு தானாகவே வட்டம் போடும் என்றால் கோண உந்தம் எங்கிருந்து வருகிறது?

இரண்டாவது, அந்தப் புள்ளி தேனுக்குள் வட்டம் போடுகிறது என்றீர்கள். தேன் இழுக்கும். ஒவ்வொரு சுற்றிலும் ஆற்றல் வெப்பமாகப் போகும். யார் கொடுக்கிறார்கள் அதை? வில் என்பது கொடுத்ததைத் திருப்பித் தரும் பொருள். கொடுத்ததற்கு மேல் தருகிற வில்லை நான் 38 வருட வேலையில் பார்த்ததில்லை.

---

நூல்கோல் · செவ்வாய், காலை 8.30

ஐயா, இரண்டும் சரியான இடத்தில் விழுந்த கேள்விகள்.

மூன்றாம் விதி உடையவில்லை. நாம் இரண்டு கருக்களை மட்டும் கணக்கில் எடுத்துக்கொண்டு மூன்றாவது ஆளை விட்டுவிட்டோம். அந்த ஆள் நீர். கரு நீரைத் தள்ளுகிறது, நீர் கருவைத் தள்ளுகிறது. நேர் உந்தம், கோண உந்தம் எல்லாம் நீர் வழியாகக் கடைசியில் பாத்திரத்தின் சுவருக்குப் போய்ச் சேர்கின்றன. கருக்களை மட்டும் பார்த்தால் விதி உடைந்த மாதிரி தெரியும்.

ஆற்றலுக்கும் அதே மாதிரி ஒரு கணக்கு உண்டு. இந்தத் திண்மத்திலிருந்து ஒரு துண்டை எடுத்து முதலில் நீட்டுங்கள், பிறகு சாய்த்து வெட்டுத் திரிபு கொடுங்கள், பிறகு நீட்டலை எடுங்கள், கடைசியில் சாய்வையும் எடுங்கள். வடிவம் பழையபடியே. சாதாரண ரப்பரில் இந்தச் சுற்றின் நிகர வேலை சுழி, உள் உராய்வு போனது போக. இந்தப் பொருளில் சுழி இல்லை. ஒரு திசையில் சுற்றினால் பொருள் உங்களுக்கு வேலை தரும். எதிர்த்திசையில் சுற்றினால் உங்களிடமிருந்து வாங்கும். வில் என்பதை விட எஞ்சின் என்பதே பொருத்தம். எரிபொருள் கருவுக்குள்ளேயே இருக்கிறது, முட்டை சேமித்து வைத்த மஞ்சள் கரு. செயலூக்கப் பொருள் என்று இவற்றைச் சொல்வது இதனால்தான். வெளியே ஓரத்தில் நின்று யாரும் ஆட்டவில்லை. ஒவ்வொரு அலகும் தன் சாப்பாட்டைத் தானே எரித்துத் தானே தள்ளுகிறது.

சோதனையில் இதற்கு ஒரு சான்றும் உண்டு. கரு வளர வளர உருண்டை வடிவம் மாறும், நீரைத் தள்ளும் விதம் மாறும், படிகம் தானாகக் கலைந்துவிடும். பத்துக்கணக்கான மணி நேரம்தான் அதன் ஆயுள்.

நேற்று எழுதாமல் விட்ட ஒன்று. குறுக்கு விசை இருந்துவிட்டால் மட்டும் அலை வந்துவிடாது. அமுக்கம் ஒரு வேகத்தில் தேய்கிறது, நழுவல் வேறொரு வேகத்தில் தேய்கிறது. ஒன்று மற்றதாக மாறும் வேகம் அந்த வித்தியாசத்தை வெல்ல வேண்டும். மிக எளிய வடிவத்தில் இந்தக் குறுக்குக் குணகம் (குறுக்குத் தள்ளலின் பலம்) பருமக் குணகத்தில் (அமுக்கத்தை எதிர்க்கும் பலம்) பாதியைத் தாண்ட வேண்டும் என்று வரும். தாண்டாதவரை வெறும் ஊர்தல்தான். தாண்டிய பிறகும் நேர்கோட்டுக் கணக்கு தருவது தணியும் அலையை மட்டும். அது ஓயாமல் ஓட, கருக்களின் ஓயாத சலனம் மாதிரி ஏதோ ஒன்று தொடர்ந்து தட்டிக்கொண்டிருக்க வேண்டும், அல்லது நேர்கோட்டில் அடங்காத விளைவுகள் கைகொடுக்க வேண்டும்.

---

ஆறாம்விரல் · செவ்வாய், பகல் 1.20

ஒரு சொல் பிரச்சினை. நூல்கோல் சொன்ன இந்தக் குறுக்கு மீட்சியை ஆங்கிலத்தில் ஆட் எலாஸ்டிசிட்டி என்கிறார்கள். ஒரு வலைப்பதிவில் இதை “விந்தை மீட்சி” என்று போட்டிருந்தார்கள். அது தவறு என்பது என் கருத்து. ஒற்றைப்படைச் சார்பு, இரட்டைப்படைச் சார்பு என்று கணக்கில் படிக்கிறோமே, அந்த ஆட் இது. இரண்டு திரிபுகளை இடம் மாற்றினால் குறி மாறுகிறது, அதனால் ஒற்றைப்படை. “ஒற்றைப்படை மீட்சி” என்றே எழுதலாம்.

இன்னொன்றும் சொல்ல ஆசை. இந்தத் துறையில் நம் பக்கத்து ஆட்களின் வேலை கனமானது. பெங்களூர் ஐ.ஐ.எஸ்.சி.யின் ஸ்ரீராம் ராமசாமியும் அதிதி சிம்ஹாவும் 2002இல் நீந்தும் துகள்களின் கூட்டம் பற்றி எழுதிய கட்டுரை இன்றும் அடித்தளமாக இருக்கிறது. 2013இல் துறை முழுவதையும் தொகுத்து ஏழு பேர் எழுதிய பெரிய மதிப்பாய்வில் ராமசாமி, மதன் ராவ், சென்னை ஐ.ஐ.டி.யிலிருந்து அதிதி சிம்ஹா மூவரும் உண்டு. டீச்சர், மாணவியிடம் இதைச் சொல்லுங்கள். இதைப் படிக்க அடையாறு வரை போனால் போதும் என்று அவளுக்குத் தெரியட்டும்.

---

டர்பைன் ஹால் · செவ்வாய், இரவு 10.50

நூல்கோல் தம்பி, காலையில் உங்கள் பதிலைப் படித்ததிலிருந்து வேறு வேலை ஓடவில்லை. கொடுத்ததற்கு மேல் தருகிற வில்லைப் பார்த்ததில்லை என்று எழுதினேன். தப்பு. பார்த்திருக்கிறேன். அதோடு மல்லுக்கட்டி இரண்டு மாதம் தூங்காமல் இருந்திருக்கிறேன்.

ஒரு ஆலையில் புதிதாகப் போட்ட டர்பைன். ஜர்னல் பேரிங், அதாவது ஷாஃப்ட்டைச் சுற்றி நிற்கும் உருளைக் கூடு; அதற்குள் ஆயில் ஃபிலிம் மேல் ஷாஃப்ட் மிதக்கும். வேகம் ஏற்றிக்கொண்டே போனால் ஒரு கட்டத்துக்கு மேல் ஷாஃப்ட் கிடுகிடுவென்று ஆடத் தொடங்கும். பேலன்ஸ் கெட்டிருந்தால் சுற்றும் வேகத்திலேயே ஆட வேண்டும். இது அதில் பாதிக்குச் சற்றுக் குறைவான வேகத்தில் ஆடும். நிமிடத்துக்கு 3000 சுற்று என்றால் ஆட்டம் 1400 பக்கம். ஆயில் வேர்ல் என்போம்.

காரணம் இதேதான். ஷாஃப்ட் வலப்பக்கம் ஒதுங்கினால், சுற்றும் எண்ணெய் அந்தக் குறுகலுக்குள் ஆப்பு மாதிரி நுழைந்து அதை மேலே தள்ளும். மேலே போனால் இடப்பக்கம் தள்ளும். நீங்கள் கட்டத் தாளில் போட்ட புள்ளி அப்படியே! எங்கள் மேனுவலில் இதற்கு குறுக்கு விறைப்பு என்று பெயர், ஒரு பக்கம் கூட்டல், மறு பக்கம் கழித்தல். அந்த ஆட்டத்துக்குத் தீனி போட்டது ஷாஃப்ட்டின் சுழற்சியே. நீராவி தந்த ஆற்றலில் ஒரு துளியை எண்ணெய் திருப்பிவிட்டுவிடுகிறது.

கடைசியில் டில்டிங் பேட் பேரிங் மாற்றினோம். ஒவ்வொரு பேடும் தானே சாய்ந்துகொள்வதால் விசை நேராக நடுவுக்கு வரும், குறுக்கே தள்ளுவது ஏறக்குறைய இல்லாமல் போகும். ஆட்டம் அன்றே நின்றது.

எனக்கு இருந்தது ஒரு ஷாஃப்ட். ஒரே இடத்தில் ஆடியது. இந்தக் கருக்கள் ஆயிரம் ஷாஃப்டை ஒன்றோடொன்று கோத்துவிட்ட மாதிரி. அதனால் அங்கே ஆட்டம் இடம் விட்டு இடம் போகிறது. சரியாகப் புரிந்துகொண்டேனா?

---

நூல்கோல் · செவ்வாய், இரவு 11.30

ஐயா, சரியாகவே புரிந்துகொண்டீர்கள். இனி வகுப்பில் இதைத்தான் முதல் உதாரணமாகச் சொல்லப்போகிறேன்.

---

பெட்ரிதட்டு · புதன், காலை 10.10

நான் செல் வளர்ப்பு ஆய்வகத்தில் வேலை செய்கிறேன். குறுக்கு விசை இல்லாமலும் இப்படி அலை வரும் என்று சொல்லத்தான் எழுதுகிறேன். எங்களுக்கு இது தினமும் பார்க்கும் காட்சி.

எம்.டி.சி.கே. என்று ஒரு செல் வகை. 1958இல் ஒரு காக்கர் ஸ்பானியல் நாயின் சிறுநீரகத்திலிருந்து பிரித்தெடுத்தது, இன்றும் உலகம் முழுக்க வளர்ந்துகொண்டிருக்கிறது. தட்டில் ஒரு தடுப்பு வைத்து, அதற்குள் செல்களை நெருக்கமாக ஒற்றை அடுக்காக வளரவிட்டு, தடுப்பை எடுத்துவிட வேண்டும். செல்கள் காலி இடத்தை நோக்கி நகரத் தொடங்கும். 2012இல் பார்சிலோனாவில் ஹாவியர் ட்ரெபட்டின் குழு, செல்கள் தரையை இழுக்கும் விசையை அளந்தபடியே இதைப் படம்பிடித்தது. ஓரத்துச் செல் நகர்கிறது, அது பின்னால் இருப்பதை இழுக்கிறது, அது அடுத்ததை. ஓரத்திலிருந்து நடுவை நோக்கி ஒரு திரிபு அலை போகிறது, மணிக்கணக்கில், மிக மிக மெதுவாக. இங்கேயும் நிலைமம் சுழி என்றே வைத்துக்கொள்ளலாம்.

அலை எப்படி வருகிறது? செல் நீளும்போது அதற்குள் வேதிவினை தொடங்குகிறது. ஈ.ஆர்.கே. என்ற புரதம் செயல்படத் தொடங்கும், அதற்குச் சில நிமிடம் பிடிக்கும். பிறகு செல் சுருங்கும். சுருங்கும்போது பக்கத்துச் செல்லை இழுத்து நீட்டும். அதற்குள் அதே கதை. கியோட்டோவில் இந்தப் புரதம் செயல்படும்போது ஒளிரும்படி செய்து பார்த்தார்கள். ஒளி ஓரத்திலிருந்து உள்ளே போகிறது, செல்கள் அதற்கு எதிராக ஓரத்தை நோக்கிப் போகின்றன. காயம் மூடுவதும் இப்படித்தான். எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு அலுக்காத படம் அது.

இங்கே குறுக்குத் தள்ளல் எதுவும் இல்லை, செல்கள் சுற்றுவதும் இல்லை. நூல்கோல் சொன்ன அமுக்கம், நழுவல் என்ற ஜோடிக்குப் பதில் நீட்சி, வேதிப்பொருள் என்ற ஜோடி. ஒன்று கூடினால் மற்றது சற்றுப் பிந்திக் கூடும், அது கூடினால் முதலாவது குறையும். அந்தப் பிந்தல்தான் அலையைத் தருகிறது. சுருங்க வைக்கும் மயோசினைத் தடுத்துவிட்டால் தட்டு அமைதியாகிவிடும்.

டீச்சர், கரும்பலகை வாக்கியத்தில் நிலைமம் என்ற இடத்தில் தாமதம் என்று போட்டுப் பாருங்கள். நிறை செய்வதும் அந்த வேலைதானே? விசை சுழியான பிறகும் வேகம் மிச்சமிருக்க வைக்கிறது.

---

சாலிடர் · புதன், இரவு 8.00

எல்லோருக்கும் வணக்கம். டிப்ளமோ இரண்டாம் வருடம். ரோபோ வைத்து இதைச் செய்ததாக ஒரு காணொளியில் பார்த்து நானும் முயன்றேன், ஓடவில்லை. உதவி வேண்டும்.

பழைய டூத் பிரஷ் தலைகளை வெட்டி, மேலே செல்போன் வைப்ரேட்டர் மோட்டாரும் பட்டன் பேட்டரியும் ஒட்டினேன். தூவிகள் நடுங்கி முன்னால் ஓடும். ஏழு செய்தேன். ஒவ்வொன்றையும் ஒரு பிவிசி பைப் வளையத்தின் நடுவில் ஹாட் குளூ வைத்து ஒட்டி, வளையங்களைப் பால்பாயிண்ட் பேனா ஸ்பிரிங்கால் அறுகோணமாகக் கோத்தேன். ஓர வளையங்களைப் பலகையில் ஆணியடித்துவிட்டேன். ஆன் செய்தால் எல்லாம் ஆளுக்கொரு பக்கம் இழுத்துக்கொண்டு நின்றுவிடுகின்றன. நடுங்குகின்றன, நகரவில்லை. நண்பனின் மேசையில் இரண்டு நாளாக இருக்கிறது.

---

நூல்கோல் · புதன், இரவு 9.45

சாலிடர், நீங்கள் பார்த்தது பாரிஸ் ஈ.எஸ்.பி.சி.ஐ.யில் ஒலிவியே தோஷோவின் குழு 2022இல் வெளியிட்ட வேலையாக இருக்கும். ஹெக்ஸ்பக் என்ற பொம்மைப் பூச்சிகளை வைத்துச் செய்தார்கள், உங்கள் பிரஷ் வண்டி மாதிரியே நடுங்கி ஓடுபவை. இரண்டு இடத்தில் உங்கள் அமைப்பு வேறுபடுகிறது, இரண்டும் முக்கியம்.

ஒன்று, ஒட்டாதீர்கள். வளையத்துக்குள் பூச்சி தன் இஷ்டத்துக்குத் திரும்ப வேண்டும். வளையத்தை யாராவது ஒரு பக்கம் இழுத்தால் உள்ளே இருக்கும் பூச்சி மெல்ல அந்தப் பக்கம் முகம் திருப்பும். உயிரே அதில்தான் இருக்கிறது. பூச்சி தள்ளுகிறது, வலை நெளிகிறது, நெளிவு பூச்சியைத் திருப்புகிறது, திரும்பிய பூச்சி வேறு பக்கம் தள்ளுகிறது. பெட்ரிதட்டு சொன்ன தாமதம் இங்கே திரும்ப எடுக்கும் நேரம். நீங்கள் ஒட்டிவிட்டதால் வெறும் ஏழு நிலையான விசைகள், வலை அதற்கேற்ப வளைந்து நின்றுவிட்டது.

இரண்டு, பேனா ஸ்பிரிங் ரொம்ப விறைப்பு. பூச்சியின் தள்ளலால் வளையம் நகரும் தூரம், அது முகம் திரும்பத் தேவையான தூரத்தை விடக் கணிசமாக இருக்க வேண்டும். அந்த விகிதம் ஓர் எல்லைக்குக் கீழே இருந்தால் எல்லாம் குழப்பமாக உறைந்து நிற்கும், உங்களுடையது மாதிரி. மேலே போனால் வலையின் நடுப்பகுதி முழுவதும் ஒரே தாளத்தில் வட்டமடிக்கத் தொடங்கும். வலஞ்சுழியா இடஞ்சுழியா என்று அது தானே தேர்ந்துகொள்ளும்.

அதில் எனக்கு மிகவும் பிடித்த முடிவு இது. ஒரு வலைக்கு எத்தனையோ அதிர்வு முறைகள் உண்டு. வெப்பத்தால் ஆடும் பொருளில் எல்லா முறைகளும் ஆற்றலைப் பங்கிட்டுக்கொள்ளும், மெத்தென்ற முறைகள் அதிகமாக ஆடும். செயலூக்க வலையோ ஒன்றிரண்டு முறைகளை மட்டும் பொறுக்கியெடுத்து அவற்றிலேயே ஆடுகிறது. அவை மிகக் குறைந்த ஆற்றல் முறைகளாக இருக்க வேண்டியதும் இல்லை.

வலைக்குப் போகும் முன் ஒரே ஒரு வண்டியை வைத்து ஆரம்பியுங்கள். ஒட்டாத, அகலமான வாணலியில் விடுங்கள். சரிவுதான் வில். இதே குழுவில் 2019இல் ஒரு ஹெக்ஸ்பக்கைக் குழிவான கிண்ணப் பரப்பில் விட்டுப் பார்த்தார்கள். இரண்டு நடத்தைதான். ஒன்று, விளிம்பைப் பார்த்து முகம் வைத்து, ஏறவும் முடியாமல் இறங்கவும் மாட்டாமல் அங்கேயே தள்ளிக்கொண்டிருக்கும். மற்றது, ஒரே உயரத்தில் சுற்றி வரும். உங்கள் வண்டி எதைச் செய்கிறது என்று பார்த்து எழுதுங்கள்.

---

ஆறாம்விரல் · வியாழன், காலை 7.30

மனிதக் கூட்டத்திலும் இது நடக்கிறது என்று தெரிந்த நாள் எனக்கு உடம்பு சிலிர்த்தது, பயத்தில்.

ஸ்பெயினின் பாம்ப்லோனா. சான் ஃபெர்மின் திருவிழா ஜூலை 6 நண்பகலில் தொடங்கும். நகர மன்றத்துக்கு முன்னால் உள்ள சின்னச் சதுக்கத்தில் ஆயிரக்கணக்கானோர் நெருக்கி நிற்பார்கள். லியோனில் டெனிஸ் பார்த்தோலோவின் குழு பல ஆண்டுகள் மேல்மாடங்களிலிருந்து இதைப் படம்பிடித்து, 2025இல் நேச்சரில் வெளியிட்டது. நெரிசல் ஓர் அளவைத் தாண்டியதும் நூற்றுக்கணக்கானோர் கொண்ட திரள் ஒட்டுமொத்தமாக வட்டமடிக்கிறது. ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய 18 விநாடி. யாரும் தள்ளிவிடவில்லை, யாரும் தாளம் போடவில்லை. உள்ளே இருப்பவருக்குத் தெரிவதெல்லாம் தன் கால் தன் பேச்சைக் கேட்கவில்லை என்பது மட்டுமே. சில திரள்கள் வலஞ்சுழி, சில இடஞ்சுழி. நூல்கோல் சொன்ன ரோபோ வலையும் இப்படித்தானே திசையைத் தானே தேர்ந்துகொண்டது.

2010 ஜூலை 24இல் ஜெர்மனியின் டூயிஸ்புர்க்கில் லவ் பரேட் என்ற இசைவிழா நெரிசலில் 21 பேர் இறந்தார்கள். அந்தக் காணொளிகளை இதே முறையில் அலசியபோது அங்கேயும் இதே வகை அலைவு இருந்தது. ஆகவே அலைவு தொடங்குவதை மேலிருந்து கேமரா பார்த்துச் சொன்னால், நெரிசல் உயிர்க்கொல்லியாகும் முன் ஆட்களை விலக்கலாம் என்கிறார்கள்.

ஒரு திருவிழாவில் எனக்குப் பன்னிரண்டு வயதில் இது நடந்திருக்கிறது. அப்பா கையைப் பிடித்திருந்தார். முன்னால் யாரும் நகராமலே நாங்கள் பக்கவாட்டில் போனோம், திரும்பி வந்தோம், மறுபடி போனோம். கடலில் நிற்பது மாதிரி இருந்தது. அப்பா என்னைத் தோளில் தூக்கிக்கொண்டார். அது யாரோ தள்ளியது என்றே இத்தனை வருடம் நினைத்திருந்தேன்.

---

டர்பைன் ஹால் · வியாழன், காலை 9.15

படித்து மனம் கனத்துவிட்டது தம்பி. ஒரு சந்தேகம். பெங்குவின் கூட்டத்திலும் அலை போகும் என்று டிவியில் பார்த்தேன். அதுவும் இதே வகையா?

---

நூல்கோல் · வியாழன், பகல் 12.40

அண்டார்டிகாவின் நியூமேயர் நிலையத்தருகே படம்பிடித்த பேரரசப் பெங்குவின்கள்தானே ஐயா? குளிருக்கு ஒண்டி நிற்கும் கூட்டத்தில் அரை நிமிடத்திலிருந்து ஒரு நிமிடத்துக்கு ஒரு முறை ஒவ்வொன்றும் 5 முதல் 10 சென்டிமீட்டர் வரை அடி வைக்கும், அந்த அடி அலையாகக் கூட்டம் முழுக்கப் போகும். 2011இல் வந்த ஆய்வு.

அதை இந்த வகையில் சேர்க்க மாட்டேன். பக்கத்தில் இருப்பது நகர்ந்து இடைவெளி விழுந்ததும் இதுவும் ஓர் அடி வைக்கிறது, பிறகு நின்றுவிடுகிறது. சிக்னலில் வண்டிகள் ஒன்றன்பின் ஒன்றாகக் கிளம்புவது போன்றது. ஆற்றல் ஒவ்வொன்றிடமிருந்தும் வருகிறது என்ற அளவில் உறவு உண்டு. அமுங்கி மீளும் திண்மத்தில் தொடர்ந்து ஓடும் அலைவு அங்கே இல்லை.

---

கரைமணல் · வியாழன், இரவு 9.00

எல்லோருக்கும் நன்றி. இன்று வகுப்பில் சொன்னேன்.

கரும்பலகை வாக்கியத்தை அழிக்கவில்லை, தேர்வில் அதைத்தான் கேட்பார்கள். அதற்குக் கீழே இன்னொன்று எழுதினேன்: “ஒவ்வொரு அலகும் தானே ஆற்றலை எரித்துத் தள்ளாத ஊடகத்துக்கு.” பிறகு நான்கு பேரை நான்கு மூலையில் நிற்க வைத்து, ஐயாவின் ஷாஃப்ட்டாக ஒரு பெண்ணை நடுவில் விட்டேன். அவள் எந்தப் பக்கம் வருகிறாளோ அந்த மூலைக்காரர் அவளை அடுத்த மூலை பார்த்து மெல்லத் திருப்பிவிட வேண்டும். மூன்றே சுற்றில் வகுப்பு பிடித்துக்கொண்டது.

கேள்வி கேட்ட பெண் கடைசியில் இன்னொரு கேள்வி கேட்டாள். பாதிக் கருக்கள் வலப்பக்கமும் பாதி இடப்பக்கமும் சுற்றினால் அலை நின்றுவிடுமா? சராசரியில் குறுக்கு விசை அடிபட்டுப் போகும், அதனால் நின்றுவிடலாம் என்று தோன்றியது. ஆனால் ஒரே பக்கம் சுற்றுபவை தனித்தனிக் கூட்டமாகப் பிரிந்துகொண்டால்? அதற்கு மேல் நான் எதுவும் சொல்லவில்லை. நூல்கோல், நேரமிருக்கும்போது எழுதுங்கள். அவள் காத்திருக்கிறாள்.

---

சாலிடர் · வெள்ளி, இரவு 11.50

வாணலியில் விட்டுப் பார்த்தேன். முதல் வண்டி விளிம்பைப் பார்த்து முட்டிக்கொண்டு அப்படியே நின்றது, நூல்கோல் அண்ணா சொன்ன முதல் வகை. பேட்டரியைப் பின்னாலிருந்து முன்பக்கம் தள்ளி ஒட்டினேன். இப்போது சுற்றுகிறது! ஒரே உயரத்தில், விடாமல். அம்மா எழுந்து வந்து பார்த்தார்.

ஆனால் பத்து முறை விட்டதில் எட்டு முறை இடப்பக்கமே சுற்றியது. மோட்டார் சுழலும் திசை அதை ஒரு பக்கம் சாய்க்கிறது என்று நினைக்கிறேன். மோட்டாரைத் தலைகீழாக ஒட்டிய இன்னொரு வண்டி செய்துவிட்டேன், பசை காய்கிறது. அது வலப்பக்கம் சுற்றினால் டீச்சரின் மாணவி கேட்டதையே வலையில் வைத்துப் பார்க்கலாம், மூன்று இடம், மூன்று வலம், நடுவில் ஒன்று. பேனா ஸ்பிரிங்குக்குப் பதிலாக ரப்பர் பேண்டை நீளமாக வெட்டிப் போடப்போகிறேன். பட்டன் பேட்டரி ஏழும் தீர்ந்துவிட்டது, நாளை காலை கடை திறந்ததும் வாங்க வேண்டும்.